கிழக்கு ஆப்பிரிக்கக் காட்டெருமை வேட்டை: களமும் முறையும் (1890–1977)

தமிழில் ‘காட்டெருமை’ என்னும் சொல் ஒன்றுக்கு மேற்பட்ட விலங்குகளைச் சுட்டி வழங்குகிறது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தேயிலைத் தோட்டங்களுக்குள் நுழையும் விலங்கைச் செய்தித்தாள்கள் காட்டெருமை என்றே எழுதுகின்றன. அவ்விலங்கு எருமையினத்தைச் சார்ந்ததன்று, காட்டு மாட்டினத்தது. சங்கப் பாடல்கள் ‘ஆமா’ எனச் சுட்டுவதும் உரையாசிரியர்கள் ‘காட்டுப் பசு’ எனப் பொருள் கூறுவதும் இதனையே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்தாகும். ஆங்கில வேட்டையாளர்கள் இதனைப் ‘பைசன்’ எனத் தவறாக அழைத்து அத்தவற்றை நூல்களிலும் நிலைபெறச் செய்தனர். வீட்டெருமையின் மூதாதையான உண்மை இந்தியக் காட்டெருமை வேறு. அது இன்று இந்தியாவில் பெரும்பாலும் அஸ்ஸாமிலும், மிகச் சிறு எண்ணிக்கையில் நடு இந்தியக் காடுகளிலும் எஞ்சியுள்ளது. இவ்விரண்டினின்றும் வேறான மூன்றாவது விலங்கு ஆப்பிரிக்க எருமை. மனிதன் ஒருபோதும் ஏரில் பூட்டியோ பால் கறந்தோ பழக்காத விலங்கு அது. வேட்டை இலக்கியத்தைத் தமிழில் பெயர்ப்போரும் ஆராய்வோரும் இம்மூன்றையும் ஒரே சொல்லால் குறிப்பதால் நிகழும் குழப்பம் சிறிதன்று. இக்கட்டுரையில் எருமை என்பது ஆப்பிரிக்க எருமையையே குறிக்கும்.

ஆங்கில வேட்டை நூல்களில் எருமை வேட்டை பற்றிய பகுதிகள் ஏறத்தாழ ஓர் அச்சில் வார்த்தவை போல அமைந்துள்ளன. வேட்டையாளன் களத்தைத் தேர்கிறான், கருவியைத் தேர்கிறான், காற்றின் போக்கை அறிகிறான், விலங்கை எதிர்கொள்கிறான். எங்கே, எவ்வாறு என்னும் இரு வினாக்களுக்கும் அவனுடைய துணிவும் அறிவுமே விடையளித்தன என்னும் தோற்றத்தை அந்நூல்கள் தருகின்றன. பிரித்தானியக் கிழக்கு ஆப்பிரிக்காவின் வரலாற்றுச் சான்றுகளை அவற்றின் அருகில் வைத்து நோக்கினால் அத்தோற்றம் நிலைப்பதில்லை. எருமை எங்கே இருக்கும் என்பதை ஒரு கால்நடை நோய் முடிவு செய்தது. அதனை யார் சுடலாம் என்பதைச் சட்டம் முடிவு செய்தது. எந்த வழியில் நெருங்குவது என்பதைப் பெரும்பாலும் துப்பாக்கி ஏந்தாத ஒருவன் முடிவு செய்தான்.

வெக்கை நோயும் வெறுமையான களங்களும்

தமிழகக் கால்நடை மருத்துவர்கள் ‘வெக்கை நோய்’ எனக் குறிக்கும் ரிண்டர்பெஸ்ட், 1887ஆம் ஆண்டளவில் செங்கடற்கரையிலுள்ள மசாவா துறைமுகம் வழியாக ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதிக்குள் புகுந்தது. இத்தாலியப் படையினரின் தேவைக்காகக் கொண்டுவரப்பட்ட மாடுகளே நோயைக் கொணர்ந்தன என்றும், அம்மாடுகள் இந்தியாவிலிருந்து வந்தவை என்றும் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுவர். நோய் எத்தியோப்பியாவை முதலில் அழித்தது. அங்கு 1888 முதல் 1892 வரை நிலவிய பெரும் பஞ்சத்தில் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு மாண்டதாக மதிப்பிடுவோர் உளர். 1890–91இல் நோய் கிழக்கு ஆப்பிரிக்காவின் மேய்ச்சல் நிலங்களை அடைந்தது. 1896இல் சாம்பெசி ஆற்றைக் கடந்தது. 1897இல் தென்முனையை எட்டியது. ஒரு கண்டத்தின் நீளத்தை அது கடக்கப் பத்தாண்டு போதுமானதாயிற்று.

மாசாய் மக்களுக்கு மாடே செல்வம், மாடே உணவு, மணவுறவும் மாட்டாலேயே அமைவது. மந்தைகள் மடிந்தபின் பஞ்சமும் பெரியம்மையும் தொடர்ந்தன. அக்காலத்தை அவர்கள் ‘எமுத்தாய்’ என்னும் சொல்லால் நினைவுகூர்கின்றனர். அடியோடு அழிதல் என்பது அதன் பொருள். வெக்கை நோய் வீட்டு மாட்டோடு நிற்கவில்லை. குளம்புடைய காட்டு விலங்குகள் பலவற்றையும் தாக்கியது. அவற்றுள் மிகுதியாக மடிந்தது எருமை. 1890இல் உகாண்டா நோக்கிச் சென்ற பிரெடரிக் லுகார்டு, வழியெங்கும் எருமைகளின் உடல்கள் கிடந்ததைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார். அந்நூல் 1893இல் வெளிவந்தது. பேரரசைப் பரப்புவதற்கு நியாயம் கூறும் நோக்கில் எழுதப்பட்ட நூல் அது. ஆயினும் அழிவைப் பற்றிய அதன் சான்று மதிப்பு குன்றவில்லை.

இதன் விளைவாக 1890களில் அப்பகுதிக்கு வந்த ஐரோப்பிய வேட்டையாளர்களுக்குக் களத் தேர்வு என்பதே பெரும்பாலும் இல்லாது போயிற்று. எங்கே எருமை எஞ்சியிருக்கிறது என்பதே முதல் வினாவாயிற்று. மாடுகள் செல்லாத சதுப்புகள், அடர்ந்த மலைக்காடுகள், மேய்ச்சல் வழிகளினின்று விலகிய ஆற்றோரங்கள் ஆகிய இடங்களிலேயே சிறு கூட்டங்கள் தப்பியிருந்தன. பிற்கால வேட்டை நூல்கள் எருமையை இயல்பாகவே புதரிலும் சதுப்பிலும் ஒளிந்து வாழும் விலங்கு எனச் சித்திரிக்கின்றன. நோய்க்கு முன்னர்ப் பயணம் செய்தோரின் குறிப்புகளோ திறந்த புல்வெளிகளில் பெருங்கூட்டமாக மேய்ந்த எருமைகளைப் பற்றிப் பேசுகின்றன. ஒரு பேரழிவின் எச்சத்தை விலங்கின் இயல்பாகக் கொண்ட தவறு வேட்டை இலக்கியத்தில் நெடுங்காலம் திருத்தப்படாமலே இருந்தது.

இந்தியத் தொடர்புடைய மற்றொரு செய்தியும் ஈண்டு நோக்கத்தக்கது. மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை உகாண்டா இருப்புப்பாதை 1896 முதல் 1901 வரை இடப்பட்டது. அதற்காக இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 32,000 தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பாலோர் பஞ்சாபியர். ஏறத்தாழ 2,500 பேர் இறந்தனர். 1898இல் சாவோ ஆற்றுப் பாலப் பணியின்போது இரு சிங்கங்கள் தொழிலாளர்களைத் தொடர்ந்து கொன்று தின்ற நிகழ்ச்சி பலரும் அறிந்தது. பாலத்தைக் கட்டிய பேட்டர்சன் 1907இல் எழுதிய நூல் அதனை உலகறியச் செய்தது. எருமை முதலிய இரை விலங்குகள் வெக்கை நோயால் அருகியதே அச்சிங்கங்கள் மனிதரை நாடியதற்கான காரணங்களுள் ஒன்று எனப் பிற்கால விலங்கியலாளர் சிலர் கருதுகின்றனர். சிங்கத்தின் பல் நோயைக் காரணமாகக் காட்டுவோரும் உளர். எருமை இல்லாத காட்டில் அதன் இடத்தைக் கூலித் தொழிலாளர் நிரப்பினர் என்பது உண்மையாயின், எருமை வேட்டை வரலாற்றின் முதல் அதிகாரத்தில் எழுதப்பட வேண்டியவை அவர்களின் பெயர்களே.

ரூபாயில் வாங்கிய உரிமம்

1900ஆம் ஆண்டு மே மாதம் இலண்டனில் ஐரோப்பிய அரசுகள் கூடி ஆப்பிரிக்கக் காட்டுவிலங்குகளைக் காப்பதற்கான உடன்படிக்கை ஒன்றில் கையொப்பமிட்டன. ஆப்பிரிக்கர் எவரும் அதில் பங்கேற்கவில்லை. அதனையொட்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவில் வேட்டை விதிகள் வகுக்கப்பட்டன. வேட்டை தடைசெய்யப்பட்ட ஒதுக்கிடங்கள் குறிக்கப்பட்டன. உரிமங்கள் பல வகையாகப் பிரிக்கப்பட்டன. வெளிநாட்டிலிருந்து வரும் வேட்டையாளருக்கான உரிமத்தின் கட்டணம் 50 பவுன். அங்கேயே குடியேறிய ஐரோப்பியருக்கு 10 பவுன். இத்தொகைகள் ரூபாயிலேயே செலுத்தப்பட்டன என்பது இந்திய வாசகர் பலர் அறியாத செய்தி. 1920 வரை அந்நாட்டில் ரூபாய் நாணயமே வழங்கியது. ஒரு பவுனுக்கு 15 ரூபாய் என்னும் கணக்கில் வெளிநாட்டு வேட்டையாளரின் உரிமம் 750 ரூபாயாகும். அவனுடைய மூட்டையைத் தலையில் சுமந்து சென்றவன் பல ஆண்டு ஊதியத்தை ஒருசேரச் சேமித்தாலும் அத்தொகையை எட்டியிருக்க மாட்டான்.

இவ்விதிகளின் பயன் இரு வகையானது. வெக்கை நோயினின்று தப்பிய விலங்குகள் பெருகுவதற்கு அவை துணை செய்தன என்பதை மறுத்தல் இயலாது. ஆனால் அதே விதிகள் அம்மண்ணின் வேட்டைக்காரர்களைக் குற்றவாளிகளாக்கின. காம்பா மக்கள் நச்சு தோய்த்த அம்பால் பெருவிலங்குகளை வேட்டையாடும் திறம் பெற்றவர்கள். மலைக்காடுகளில் தேனெடுத்தும் வேட்டையாடியும் வாழ்ந்த ஓகியெக் மக்கள் விலங்குகளின் தடங்களில் குழி வெட்டி வைத்தனர். மாசாய் மக்கள் பொதுவாகக் காட்டு விலங்கின் இறைச்சியை உண்ணார்; மாட்டை ஒத்தவை என்னும் கருத்தால் எருமைக்கும் எலாண்டு மானுக்கும் மட்டும் விலக்களித்தனர். அவர்தம் கேடயங்கள் எருமைத் தோலால் ஆனவை. இவையனைத்தும் உரிமமற்ற வேட்டை என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடக்கப்பட்டன. ஜான் மெக்கன்சியின் 1988ஆம் ஆண்டு நூலும், எட்வர்டு ஸ்டைன்ஹார்ட் கென்யாவைப் பற்றி 2006இல் வெளியிட்ட நூலும் இம்மாற்றத்தை விரிவாக ஆராய்ந்துள்ளன. உணவுக்காகவும் தோலுக்காகவும் கொல்வது கொடுமை, கொம்புக்காகவும் பெருமைக்காகவும் கொல்வது விளையாட்டு என்னும் பாகுபாடு சட்டத்தின் மொழியிலேயே இடம்பெற்றது.

‘சஃபாரி’ என்னும் சொல்லும் இக்காலத்தில்தான் உலக வழக்கிற்கு வந்தது. பயணத்தைக் குறிக்கும் ‘சஃபர்’ என்னும் அரபுச் சொல் சுவாஹிலியில் சஃபாரி ஆயிற்று. இந்தி, உருது வழியாக நாம் அறிந்த சொல்லும் அதுவே. கடற்கரையிலிருந்து உள்நாட்டிற்கு வணிகச் சரக்குடன் சென்ற நெடும் பயணத்தைக் குறித்த அச்சொல், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேட்டைச் சுற்றுலாவைக் குறிக்கலாயிற்று. நைரோபியில் நியூலாந்து–டார்ல்டன் போன்ற நிறுவனங்கள் கூடாரம், உணவு, சுமைகூலிகள், துப்பாக்கி தூக்குவோர், வழிநடத்தும் வெள்ளை வேட்டையாளர் ஆகிய அனைத்தையும் ஒருங்கே ஏற்பாடு செய்து தந்தன. பணம் செலுத்துபவர் விலங்கின் பெயரைச் சொன்னால் போதும். களத்தை நிறுவனம் தெரிந்தெடுக்கும்.

கமிதி ஆற்றங்கரை, 1909

எருமை வேட்டைக் களத் தேர்வுக்கு நன்கு பதிவான சான்று தியோடர் ரூசுவெல்டின் பயணமாகும். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து விலகிய சில வாரங்களில், 1909 ஏப்ரலில், அவர் தம் மகன் கெர்மிட்டுடன் மொம்பாசாவில் வந்திறங்கினார். ஸ்மித்சோனியன் நிறுவனத்திற்கு மாதிரிகள் திரட்டுவது பயணத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கம். குன்னிங்காம், டார்ல்டன் ஆகிய இரு தொழில்முறை வேட்டையாளர்கள் வழிநடத்தினர். இருநூறுக்கு மேற்பட்ட சுமைகூலிகள் உடன் சென்றனர். தந்தையும் மகனும் சுட்ட பெருவிலங்குகள் 512 எனப் பயணநூல் கணக்குக் காட்டுகிறது. அந்நூல் 1910இல் வெளிவந்தது.

ரூசுவெல்ட் தம் முதல் எருமைகளை வேட்டையாடிய இடம் தொலைதூரக் காடன்று. நைரோபிக்கு வடக்கே கமிதி ஆற்றங்கரையில் ஹீட்லி என்னும் குடியேற்றக்காரருக்குச் சொந்தமாக இருந்த பண்ணையே அக்களம். ஏறத்தாழ 20,000 ஏக்கர் பரப்புடைய அப்பண்ணையில் ஆற்றோரமாகப் பாபிரஸ் கோரை அடர்ந்த சதுப்பு நீண்டு கிடந்தது. எருமைக் கூட்டம் பகலில் அதற்குள் தங்கும். இரவிலும் விடியலிலும் வெளியேறிச் சதுப்பின் ஓரத்துப் புல்லில் மேயும். வெயில் ஏறுமுன் மீண்டும் கோரைக்குள் புகுந்துவிடும்.

இக்களம் ஏன் தெரிந்தெடுக்கப்பட்டது என்பதற்கு நூல் தரும் விடை எளியது: அங்கே எருமை இருந்தது. சற்று ஆழ்ந்து நோக்கினால் வேறு காரணங்களும் புலனாகின்றன. இருப்புப்பாதை அருகில் இருந்தது. நிலம் தனியாருக்குரியது, 1902ஆம் ஆண்டின் அரசு நிலச் சட்டத்திற்குப் பின் இத்தகைய பண்ணைகள் ஐரோப்பியருக்கு வழங்கப்பட்டிருந்தன. அந்நிலத்தைச் சூழ்ந்து வாழ்ந்த கிக்குயு உழவர்களுக்கு எருமை பயிரழிக்கும் விலங்கு. ஆயினும் அதனைக் கொல்லும் உரிமை அவர்களுக்கு இல்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, சதுப்பின் ஓரத்தில் திறந்த புல்வெளி இருந்தது. ரூசுவெல்ட் இடக்கண் பார்வையை இழந்தவர். தாம் குறி தவறாத சுடுநர் அல்லர் என்பதைத் தாமே ஒளிக்காது எழுதியவர். அத்தகையவரை அடர்ந்த புதருக்குள் காயம்பட்ட எருமையின் முன் நிறுத்துவதற்கு எந்த வழிகாட்டியும் துணியமாட்டான். கமிதியின் திறந்த ஓரம் அவருக்காகத் தெரிந்தெடுக்கப்பட்டது எனக் கருத இடமுண்டு.

முறையும் களத்திலிருந்தே பிறந்தது. கோரைக்குள் நுழைந்து தேடுவது பயனற்றது. இரண்டு அடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. விலங்கோ மனிதனை முன்னரே மோப்பத்தால் அறிந்துவிடும். எனவே விடியுமுன் புறப்பட்டு, காற்று எதிர்முகமாக வீசும் பக்கத்திலிருந்து நெருங்கி, மேய்ந்துகொண்டிருக்கும் காளைகளைச் சதுப்பிற்கு வெளியே எதிர்கொள்ள வேண்டும். முதல் குண்டு சரியான இடத்தில் படவேண்டும். நெற்றியில் சுடுவது அறிவின்மை. முதிர்ந்த காளையின் இரு கொம்புகளும் அடியில் ஒன்றுகூடித் தலையின்மேல் கவசம்போல் மூடியிருக்கும். முன்தொடையின் எலும்பை ஒட்டித் தாழ்வாகச் சுட்டால் குண்டு நெஞ்சை எட்டும். ஐந்நூறு முதல் தொள்ளாயிரம் கிலோ வரை எடையுள்ள விலங்கு அப்போதும் உடனே விழுவதில்லை. காயம்பட்ட எருமை ஓடி மறைந்து, தன் தடத்தைத் தானே நோக்கும்படி வளைந்து திரும்பிப் புதரில் காத்து நிற்கும் என்பது அனுபவமுடைய வேட்டையாளர் அனைவரும் ஒருமித்துக் கூறும் செய்தி. கமிதியில் அச்சம் எருமையைப் பற்றியது மட்டுமன்று. அது கோரைக்குள் புகுந்துவிடுமோ என்பதைப் பற்றியதுமாகும்.

ரூசுவெல்ட் கையில் இருந்தது ஆங்கில நண்பர்கள் பலர் சேர்ந்து பரிசளித்த ஹாலண்டு–ஹாலண்டு நிறுவனத்தின் இரட்டைக்குழல் துப்பாக்கி. கருவியின் வரலாறு இங்குச் சிறிது பேசத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்பொடி மருந்து அடைத்த மிகப் பெரிய குழல்களே பெருவிலங்குகளுக்குப் பயன்பட்டன. அவற்றின் புகை சுட்டவனின் கண்ணையே மறைக்கும். தாக்க வரும் எருமை புகைக்கு அப்பால் எங்கே நிற்கிறது என்பது தெரியாது. 1898இல் ரிக்பி நிறுவனம் புகையற்ற மருந்தில் இயங்கும் 450 அளவுத் துப்பாக்கியை வெளியிட்டபின் நிலைமை மாறிற்று. 1907இல் பிரித்தானிய இந்திய அரசு அந்த அளவுத் துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடைசெய்தது; படைத்துறைத் துப்பாக்கிகளுக்குரிய குண்டுகள் கிளர்ச்சியாளர் கைக்குச் சேரலாம் என்னும் அச்சமே காரணம். அதனால் 465, 470 முதலிய புதிய அளவுகள் தோன்றின. பிற்காலத்தில் ஆப்பிரிக்க எருமை வேட்டையில் புகழ்பெற்ற துப்பாக்கிகள் சிலவற்றின் பிறப்பிற்கு இந்தியாவில் ஆட்சியாளர் கொண்ட அச்சம் காரணமாயிற்று என்பதை வேட்டை நூல்கள் ஓர் அடிக்குறிப்பாகவே கடந்து செல்கின்றன.

ரூசுவெல்டின் துப்பாக்கி தூக்கியவர்கள் முகமது, பக்காரி என்னும் இருவர். அவர்களின் பெயர்களை அவர் மறவாது குறித்துள்ளார். இது அக்கால நூல்கள் பலவற்றில் காணாத பண்பு. ஆயினும் நூலில் அவர்கள் பேசுவது அரிது. விலங்கைத் தொலைவில் முதலில் காண்பவர்களும், தடத்தின் புதுமையைச் சாணத்தின் ஈரத்தாலும் மிதிபட்ட புல்லின் நிமிர்வாலும் கணிப்பவர்களும், நிரப்பிய இரண்டாம் துப்பாக்கியை உரிய நொடியில் கையில் தருபவர்களும் இத்தகையோரே. எருமையின் முதுகில் உண்ணி பொறுக்கும் பறவைகள் திடீரென எழுந்து கத்தினால் மறைந்திருக்கும் விலங்கு எழுந்துவிட்டது என அறிவதும் அவர்களிடமிருந்து வெள்ளை வேட்டையாளர்கள் கற்ற பாடமே. கற்றவர்கள் நூலெழுதினர்.

கமிதி என்னும் பெயர் இன்று கென்யர் நினைவில் எருமையைக் கொணர்வதில்லை. அப்பெயர் தாங்கிய சிறையில் 1957 பிப்ரவரி 18 அன்று மாவ் மாவ் இயக்கத் தலைவர் தெதான் கிமாத்தி தூக்கிலிடப்பட்டார். நிலத்தை மீட்பதற்காக எழுந்த இயக்கம் அது.

மோட்டார் வண்டியும் ஒரு சிறுகதையும்

முதல் உலகப் போருக்குப்பின் மோட்டார் வண்டி வந்தது. சுமைகூலிகளின் நெடிய வரிசை மறைந்தது. முன்பு பல நாள் நடந்து சேர்ந்த களத்தை ஒரே நாளில் அடையலாயிற்று. எங்கே என்னும் வினா எளிதானபோது எவ்வாறு என்னும் வினா கூர்மையடைந்தது. வண்டியிலிருந்து சுடுவதும் வண்டியால் துரத்துவதும் சட்டத்திற்கும் வேட்டையாளரிடையே வழங்கிய நெறிக்கும் புறம்பானவை. நடைமுறையோ வேறாக இருந்தது.

எர்னஸ்ட் ஹெமிங்வே 1936இல் வெளியிட்ட பிரான்சிஸ் மெக்கோம்பர் பற்றிய சிறுகதை இச்சிக்கலின் மேல் கட்டப்பட்டது. கணவன், மனைவி, வழிநடத்தும் வெள்ளை வேட்டையாளன் வில்சன் ஆகிய மூவரும் மூன்று எருமைகளை வண்டியில் துரத்திச் செல்கின்றனர். இது முறையற்றதன்றோ என மனைவி வினவும்போது, இச்செய்தி நைரோபியில் தெரிந்தால் தன் உரிமம் பறிபோகும் என்பதை வில்சன் ஒப்புக்கொள்கிறான். காயம்பட்ட எருமை புதருக்குள் புகுகிறது. அதனைத் தொடர்ந்து சென்று முடிக்க வேண்டிய கடமை எழுகிறது. அக்கடமையை நிறைவேற்றும் நொடியில் மனைவியின் குண்டு கணவனின் தலையில் பாய்கிறது. திறனாய்வாளர்கள் இக்கதையை ஆண்மை, அச்சம், மணவுறவு ஆகியவற்றின் கதையாகவே பெரும்பாலும் வாசித்துள்ளனர். வேட்டை வரலாற்றை அறிந்து வாசிக்கும்போது கதையின் முடிச்சு வேறோரிடத்திலும் இருப்பது தெரியும். வண்டியில் துரத்திய தவறுக்கான சான்று வேட்டையாளனின் தொழிலை மனைவியின் கையில் ஒப்படைக்கிறது. கணவன் இறந்தபின் மனைவியின் நிலை வேட்டையாளனின் வாக்குமூலத்தைப் பொறுத்ததாகிறது. வேட்டை முறை பற்றிய ஒரு விதி, கதையின் அதிகாரச் சமநிலையையே ஈரிடத்தில் புரட்டுகிறது. வில்சன் என்னும் பாத்திரத்திற்கு முன்மாதிரி எனக் கருதப்படும் பிலிப் பெர்சிவல், 1909இல் ரூசுவெல்டுடனும் வேட்டைக்குச் சென்றவர் என்பது குறிப்பிடத்தக்கது. துப்பாக்கி தூக்குவோர் இக்கதையிலும் உள்ளனர். விசாரணையில் அவர்களின் சாட்சியமும் உண்டு என வில்சன் கூறுகிறான்.

தடையும் அதன்பின்னும்

கென்யா 1963இல் விடுதலை பெற்றது. 1973இல் யானை வேட்டையும் 1977 மே மாதத்தில் அனைத்து வேட்டைச் சுற்றுலாவும் தடைசெய்யப்பட்டன. தொழில்முறை வேட்டையாளர் பலர் அண்டை நாடுகளுக்குப் பெயர்ந்தனர். தான்சானியா 1973இல் விதித்த தடையை 1978இல் நீக்கி, பரந்த காடுகளை வேட்டை வட்டங்களாகப் பிரித்துக் குத்தகைக்கு விட்டது. ஜிம்பாப்வே 1989 முதல் ஊரக மன்றங்கள் வேட்டைக் கட்டணத்தில் பங்கு பெறும் திட்டமொன்றைச் செயற்படுத்தியது. யானையும் எருமையும் அதன் முதன்மை வருவாய்கள். இத்திட்டத்தின் பயன் ஊர்மக்களை எவ்வளவு சென்றடைந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எனினும், தம் நிலத்தில் எத்தனை எருமைகள் சுடப்படலாம் என்பதை முடிவு செய்யும் அவையில் அந்நிலத்தாருக்கு இடம் கிடைத்தது இதுவரை கூறிய வரலாற்றில் புதியதாகும். 1900ஆம் ஆண்டு இலண்டன் மேசையில் அவர்களுக்கு நாற்காலி இருக்கவில்லை.

தென்னாப்பிரிக்கப் பகுதிகளில் எருமையின் களத்தை இன்றளவும் கால்நடை நோயே வரையறுக்கிறது. கோமாரி நோயின் வைரஸை எருமை தன் உடலில் நோய்க்குறியின்றி நெடுங்காலம் தாங்கும். எனவே மாட்டிறைச்சியை ஏற்றுமதி செய்யும் நாடுகள் எருமைக் காடுகளுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்திற்கு வேலியிட்டன. போட்ஸ்வானாவில் 1950களில் தொடங்கிய இவ்வேலிகள் எருமைகளை மட்டுமன்றி இடம்பெயரும் பிற விலங்குகளையும் மறித்தன. வறட்சிக் காலங்களில் வேலியோரத்தில் அவை மடிந்தன. நோயற்ற எருமைகளை வேலிக்குள் வளர்த்து வேட்டைப் பண்ணைகளுக்கு விற்பது தென்னாப்பிரிக்காவில் பெருந்தொழிலாயிற்று. அங்கே களமும் விலங்கும் ஒருங்கே உற்பத்தி செய்யப்படுகின்றன.

வெக்கை நோயின் கதை இந்தியாவையும் கென்யாவையும் மீண்டும் இணைத்து முடிந்தது. இமயத்தின் அடிவாரப் பகுதியிலுள்ள முக்தேஸ்வர் ஆய்வகத்தில் 1920களில் எட்வர்ட்ஸ் என்பார் அந்நோய் வைரஸை ஆடுகளின் வழியே செலுத்தி வலுக்குறைத்து மாடுகளுக்குத் தடுப்பு மருந்தாக்கினார். கென்யாவின் முகுகா ஆய்வகத்தில் வால்டர் பிளௌரைட் குழுவினர் 1960ஆம் ஆண்டையொட்டித் திசு வளர்ப்பு முறையில் மேம்பட்ட தடுப்பு மருந்தை உருவாக்கினர். மாடுகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டபோது, ஊசியே போடப்படாத காட்டு விலங்குகளிடமிருந்தும் நோய் அகன்றது. செரெங்கெட்டி சமவெளியில் எருமையும் வில்டபீஸ்ட்டும் பன்மடங்கு பெருகின. காட்டு விலங்கே மாட்டுக்கு நோய் தருகிறது எனக் கூறி அதனைச் சுட்டழிக்க வேண்டும் என வாதிட்டோரின் கருத்து இதனால் வலுவிழந்தது.

அந்நோய் உலகில் கடைசியாகக் கண்டறியப்பட்டது மாட்டிடத்தில் அன்று. 2001இல் கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில், வேட்டை தடைசெய்யப்பட்டு இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, எருமைகளிடத்தில்தான் அதன் இறுதித் தடயம் பதிவாயிற்று. அதன்பின் பத்தாண்டுகள் தேடியும் வேறெங்கும் அது தென்படவில்லை. 2011இல் வெக்கை நோய் உலகினின்று ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.